ஈரமலையில் கழுத்து வீங்கியது ஏன்?

கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் பேருந்து திகனையையும் தெல்தெனியவையும் தாண்டி மேலேறி ஹுன்னஸ்கிரியவை அடைகிறது. அங்கே இடப்பக்கம் பிரியும் வழி நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள் லூலுவத்தை, மீமுரே என்று நுழைந்துவிடும். நேரே போகும் வழி உடுதும்பரையைக் கடந்து, பதினெட்டு வளைவுகளில் சுழன்று இறங்கி, மகியங்கனைச் சமவெளியைத் தொடும். சில மணி நேரப் பயணத்துக்குள் மண்ணின் நிறம் மாறுகிறது, மழை மாறுகிறது, தேயிலைச் சரிவு போய் வயல்வெளி வருகிறது. ஈரவலயமும் உலர்வலயமும் கைமாறும் இடம் இது.

இலங்கையின் நோய் வரைபடத்தில் இந்த மாற்றத்துக்கு ஒரு காலத்தில் இன்னொரு பொருளும் இருந்தது. சிங்களத்தில் ‘கலகண்டய’ என்றும் தமிழில் கண்டக்கழலை என்றும் சொல்லப்படும் முன்கழுத்து வீக்கம், தீவின் தென்மேற்கு ஈரவலயத்தில் மிகுதி, உலர்வலயத்தில் குறைவு என்று மருத்துவர்கள் கண்டிருந்தனர். 1954இல் டாக்மர் வில்சன் இலங்கையையும் நைஜீரியாவையும் ஒப்பிட்டு எழுதினார். 1967இல் மகாதேவாவும் சண்முகநாதனும் இலங்கையின் கண்டக்கழலைச் சிக்கலைத் தனியே எடுத்து ஆராய்ந்தனர். பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறையினரும் புவியியலாளரும் அதே கேள்வியைத் தத்தம் வழியில் தொடர்ந்தார்கள்.

கேள்வி எளியது: மழை கொட்டும் பச்சை மலையில் கழுத்து ஏன் வீங்குகிறது? பதில்கள் பல. தண்ணீர் என்றார்கள், அயடீன் பற்றாக்குறை என்றார்கள், மழை, மண், மரவள்ளி, செலினியம் என்று பட்டியல் நீண்டது. உப்பில் அயடீன் கலந்த பிறகு, அந்த அயடீனே சந்தேகப் பட்டியலில் ஏறியது. இவற்றை எடைபோடுவதற்கு முன் கழுத்துக்குள் நடக்கும் வேலையைப் பார்த்துவிடுவது நல்லது. இத்தனை வெவ்வேறு காரணங்கள் ஒரே வீக்கத்தில் வந்து முடிவது எப்படி என்பதற்கான விளக்கம் அங்கேதான் இருக்கிறது.

சுரப்பியும் அதன் மேலாளரும்

வளர்ந்தவரின் தைரொயிட் சுரப்பி ஏறத்தாழ 20 கிராம் எடை. மூச்சுக்குழலின் முன்னே, வண்ணத்துப்பூச்சி இறகை விரித்ததுபோல் இரு மடல்களாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கலங்கள் இரத்தத்தில் ஓடும் அயடைட்டை ஒரு பம்பி போல உள்ளே இழுக்கின்றன. உடலில் உள்ள அயடீன் முழுவதும் சேர்ந்தே 15 முதல் 20 மில்லிகிராம்தான். அதில் பெரும்பகுதி இந்தச் சின்னச் சுரப்பிக்குள் குவிந்திருக்கிறது.

உள்ளே இழுத்த அயடீனைத் தைரொகுளோபியூலின் என்ற பெரிய புரதத்தோடு பிணைத்து, அதிலிருந்து இரண்டு ஓமோன்களைச் சுரப்பி தயாரிக்கிறது. நான்கு அயடீன் அணுக்கள் கொண்டது தைரொக்சின், சுருக்கமாக டி4. மூன்று அணுக்கள் கொண்டது டி3. அதிகம் வெளிவருவது டி4, அதிக வேகத்தோடு வேலை செய்வது டி3. கல்லீரல் முதலான உறுப்புகளில் ஒரு நொதி டி4இலிருந்து ஒரு அயடீன் அணுவைக் கழற்றி டி3 ஆக்குகிறது. இந்த நொதிக்குச் செலினியம் தேவை. அந்தச் செய்தி பின்னால் உதவும்.

சுரப்பி தன் விருப்பத்துக்கு வேலை செய்வதில்லை. மூளையின் அடியில் இருக்கும் ஐப்போதலமசு, டிஆர்எச் என்ற மூன்று அமினோ அமிலத் துணுக்கை அனுப்பிக் கபச்சுரப்பியைத் தூண்டுகிறது. கபச்சுரப்பி டிஎஸ்எச் என்ற ஓமோனைச் சுரந்து தைரொயிட்டை வேலை வாங்குகிறது. இரத்தத்தில் தைரொக்சின் போதிய அளவுக்கு ஏறியதும் மேலிருக்கும் இரண்டும் அடங்கிவிடும். குறைந்ததும் மீண்டும் முடுக்கும். டிஆர்எச்சின் அமைப்பை 1969இல் கண்டறிவதற்காக ரொஜர் கியுமனும் அண்ட்ரூ ஷாலியும் தனித்தனியே ஆயிரமாயிரம் ஆடு, பன்றி மூளைகளை அரைத்து வடித்தார்கள். 1977இல் நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

டிஎஸ்எச்சுக்கு இரண்டு வேலை. கலங்களை வேகமாக உழைக்க வைப்பது ஒன்று, அவற்றைப் பெருக வைப்பது மற்றொன்று. மூலப்பொருளான அயடீன் வராதபோது ஓமோன் குறைகிறது, டிஎஸ்எச் ஏறுகிறது, கலங்கள் பெருகுகின்றன, சுரப்பி பருக்கிறது. கிடைக்கும் கொஞ்ச அயடீனையும் விடாமல் பிடிப்பதற்குச் சுரப்பி தன் ஆள்பலத்தைக் கூட்டிக்கொள்வதே கழலை எனலாம். கழலை உள்ள பலருக்கு ஓமோன் அளவு ஏறக்குறையச் சரியாகவே இருப்பதும் இதனால்தான்.

சிக்கலின் முடிச்சும் இங்கேதான் விழுகிறது. அயடீன் வராவிட்டாலும் வீக்கம். வந்த அயடீனை வேறொரு பொருள் பம்பியில் மறித்தாலும் வீக்கம். ஓமோன் ஆக்கும் நொதி பிறவியிலேயே பழுதானாலும் வீக்கம். உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்கினாலும் வீக்கம். கழுத்தைத் தடவிப் பார்த்து வீக்கத்தை எண்ணலாம். வீங்கிய காரணத்தை அந்த விரல்கள் சொல்லமாட்டா.

முதல் பதில்: தண்ணீர்

மலையூர்களில் கழலைக்குத் தண்ணீரைக் குறைசொல்வது பழைய வழக்கம். அதை ஆய்வாக நடத்தியவர் ரொபர்ட் மக்கரிசன். 1900களின் தொடக்கத்தில் கில்கித்தில் படை மருத்துவராக இருந்த அவர், ஒரே ஓடையின் கரையில் அடுத்தடுத்து அமைந்த ஊர்களைப் பார்த்தார். ஓடை கீழிறங்க இறங்கக் கழலை கூடியது. மேல் ஊரின் கழிவு கீழ் ஊரின் குடிநீரில் சேர்வதே காரணம் என்றும், நோய் ஒருவகைத் தொற்று என்றும் அவர் முடிவுக்கு வந்தார். வண்டலைத் தாமே குடித்துப் பார்த்தார், மற்றவர்களையும் குடிக்க வைத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது. கொதிக்கவைத்த நீரைக் குடித்தவர்களுக்கு வீங்கவில்லை.

அதே மக்கரிசன்தான் பின்னர் நீலகிரியின் குன்னூரில் சத்துணவு ஆய்வை நிறுவினார். ஹைதராபாத்தில் இன்று இயங்கும் தேசிய சத்துணவு நிறுவனத்தின் வேர் அந்தக் குன்னூர்க் கூடம்.

தொற்றுக் கொள்கை நிலைக்கவில்லை. கழலையை உண்டாக்கும் கிருமி எதுவும் பிடிபடவில்லை. அயடீன் கொடுத்த இடங்களில் தண்ணீரை மாற்றாமலே கழலை குறைந்தது. ஆனாலும் தண்ணீரை முற்றாக விடுவித்துவிட முடியாது. கொலம்பியாவின் கவுக்கா பள்ளத்தாக்கில் எதுவார்தோ கைத்தான், அயடீன் போதிய அளவு கிடைத்த மக்களிடமும் கழலை நீடித்ததைக் கண்டு, குடிநீரில் கலந்த சேதனச் சேர்வைகளைச் சந்தேகித்தார். மக்கரிசன் தவறான குற்றவாளியைப் பிடித்திருக்கலாம். அவர் தேடிய இடம் முழுக்கத் தவறல்ல.

இரண்டாவது பதில்: அயடீன்

1811இல் பேர்னார் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலில் அயடீனைக் கண்டார். எரித்த கடற்பஞ்சைக் கழலைக்கு மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் ஐரோப்பாவில் ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் முடிச்சுப்போட்ட ஜெனீவா மருத்துவர் குவாந்தே, 1820இல் அயடீனை நேரடியாகவே கொடுத்தார். கழலைகள் சுருங்கின. அளவு தெரியாமல் கொடுத்ததில் சிலருக்கு நெஞ்சு படபடத்தது, உடல் மெலிந்தது. எதிர்ப்புக் கிளம்பி, அந்த மருத்துவம் பல பத்தாண்டுகள் பின்தள்ளப்பட்டது. 1895இல் பவுமன் தைரொயிட்டுக்குள்ளேயே அயடீன் இருப்பதைக் காட்டிய பிறகுதான் கொள்கைக்கு உடற்றொழிலியல் அடித்தளம் கிடைத்தது. 1917இல் டேவிட் மரீனும் கிம்பலும் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பள்ளி மாணவிகளுக்கு அயடைட் கொடுத்துக் கழலையைத் தடுக்கத் தொடங்கினர். 1922இல் சுவிட்சர்லாந்து உப்பில் அயடீனைச் சேர்த்தது.

நம் அயலில் பெயர்பெற்றது இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கு ஆய்வு. 1956இல் வி. ராமலிங்கசுவாமியும் தோழர்களும் பள்ளத்தாக்கை மூன்று வலயமாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குப் பொட்டாசியம் அயடைட் கலந்த உப்பு, ஒன்றுக்குப் பொட்டாசியம் அயடேற்று கலந்த உப்பு, மூன்றாவதற்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளில் முதல் இரண்டிலும் கழலை தெளிவாக இறங்கியது, மூன்றாவதில் இறங்கவில்லை. 1962இல் இந்தியாவின் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்க இதுவும் ஒரு காரணம். ஈரக்காற்றில் அயடைட்டைவிட அயடேற்று தாக்குப்பிடிக்கும் என்பதால் வெப்ப நாடுகள் அதையே ஏற்றுக்கொண்டன.

அயடீன் கொள்கையின் வலிமை, கொடுத்தால் குறைகிறது என்பதுதான். அதன் வலுவற்ற பக்கமும் அங்கேயே இருக்கிறது. கொடுத்தால் குறைகிறது என்பதை வைத்து, இல்லாததால்தான் வந்தது என்று உடனே சொல்லிவிட முடியாது. பம்பியை மறிக்கும் பொருள் உணவில் இருந்தாலும், கூடுதல் அயடீன் அந்த மறிப்பை ஓரளவு வெல்லும்.

மழையா, மண்ணா?

கடலில் இருந்து அயடீன் ஆவியாகி, காற்றில் ஏறி, மழையோடு மண்ணில் இறங்குகிறது. ஆகவே கடலுக்கு அருகில் அயடீன் அதிகம், தொலைவான மலையில் குறைவு. கழலை மலைநோயாக இருப்பது இதனால்தான். பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்த கதை இது.

இலங்கை இந்தக் கதைக்குள் அடங்க மறுக்கிறது. 1980களின் பிற்பாதியில் பேராதனையின் பெர்னாண்டோ, பாலசூரிய ஆகியோர் உள்ளிட்ட குழு 17 மாவட்டங்களில் 59,000க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தைச் சோதித்தது. மொத்தத்தில் 18.8 வீதத்தினருக்குக் கழலை. மிகக் கூடுதல் 30.2 வீதம், அது களுத்துறை, அலையடிக்கும் கடற்கரை மாவட்டம். மிகக் குறைவு 6.5 வீதம், அது மாத்தளை, கடலையே தொடாத மாவட்டம், நக்கிள்ஸ் தொடரை ஹுன்னஸ்கிரியவோடு பங்குபோட்டுக்கொள்ளும் அயல்.

கடல் தொலைவு கைகொடுக்காதபோது மழை முன்னுக்கு வந்தது. களுத்துறையில் பெய்யும் கனமழை மண்ணின் அயடீனைக் கழுவிக் கொண்டுபோகிறது, உலர்வலயத்தில் அது தங்கிவிடுகிறது என்பது வாதம். வரைபடத்தோடு ஓரளவு பொருந்துகிறது.

இந்த வாதத்தை மண்ணைத் தோண்டியே பார்த்தவர்கள் பேராதனைப் புவிச்சரிதவியலாளர் சீ. பீ. திசாநாயக்கவும், பிரித்தானியப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனத்தின் பியோனா போர்டைஸ் முதலானோரும். கழலை 10 வீதத்துக்குக் கீழ், 10 முதல் 25 வரை, 25க்கு மேல் என 15 கிராமங்களை மூன்று குழுவாக்கி, மண், அரிசி, குடிநீர், பெண்களின் தலைமுடி ஆகியவற்றை அளந்தார்கள். 2000ஆம் ஆண்டு வெளியான முடிவு எதிர்பாராதது. கழலை மிகுந்த கிராமங்களின் மண்ணில் அயடீன் குறைந்துவிடவில்லை. அந்த மண்ணில் களியும் உக்கலும் அதிகம். அவை அயடீனை இறுகப் பிடித்துக்கொண்டு பயிருக்கு விடுவதில்லை என்று ஆய்வாளர்கள் கருதினர். அரிசியிலோ எல்லா இடத்திலும் அயடீன் சொற்பம். நிலத்தில் இருப்பு உண்டு, சோற்றுக்கு வரவு இல்லை என்ற நிலை.

இந்த விளக்கம் கவர்ச்சியானது, குறையும் உண்டு. 15 கிராமம் ஒரு தீவுக்குச் சிறிய மாதிரி. உள்ளூர் மண்ணின் பயிரை மட்டுமே யாரும் உண்பதில்லை. கருவாடு எல்லாச் சந்தைக்கும் வருகிறது, அரிசி மாவட்டம் தாண்டிப் பயணிக்கிறது. தோட்டக் குடும்பங்கள் பல தலைமுறையாகக் கடை அரிசியையும் கோதுமை மாவையும் நம்பியிருந்தவை. அவர்களுடைய அயடீன் வரவை லயத்துக்குப் பின்னால் உள்ள மண்ணை வைத்து மட்டும் கணிப்பது கடினம்.

மரவள்ளியும் செலினியமும்

மரவள்ளிக் கிழங்கை மூடி போடாமல் அவிக்க வேண்டும் என்பது இலங்கை அடுக்களையில் எழுதாத சட்டம். கிழங்கில் உள்ள லினமாரினிலிருந்து சயனைட் பிரிகிறது; திறந்த பாத்திரத்தில் அதன் பெரும்பங்கு ஆவியோடு போய்விடும். எஞ்சியதை உடல் தயோசயனேற்றாக மாற்றுகிறது. அது உயிரைக் குடிப்பதில்லை. ஆனால் தைரொயிட்டின் பம்பியில் அயடைட்டோடு இடத்துக்குப் போட்டியிடுகிறது. ஆபிரிக்காவின் கீவு ஏரியில் உள்ள இஜ்வி தீவில் இப்படித்தான் கழலை மிகுகிறது என்று 1970களில் பெல்ஜிய ஆய்வாளர் எர்மான்ஸும் டெலாஞ்சும் விளக்கினார்கள்.

இலங்கைக்கு இதைப் பொருத்துவதில் நிதானம் வேண்டும். இஜ்வியில் மரவள்ளி அன்றாட முழு உணவு, அதோடு அயடீனும் கடும் பற்றாக்குறை. இங்கே அது காலைக்கோ மாலைக்கோ சம்பலோடு உண்ணும் பண்டம். இரு வலயத்திலும் விளைகிறது, இரு வலயத்திலும் உண்ணப்படுகிறது. வரைபடத்தின் கோட்டை அது தனியே வரைந்திருக்க முடியாது. ஏற்கெனவே குறைந்திருந்த அயடீனை இன்னும் இறுக்கியிருக்கலாம்.

செலினியத்தின் நிலையும் அதுவே. டி4ஐ டி3 ஆக்கும் நொதிக்கு அது வேண்டும் என்பதால், அது குறைந்தால் அயடீன் பற்றாக்குறையின் விளைவு கடுமையாகலாம். போர்டைஸ் குழு பெண்களின் முடியில் செலினியக் குறைவைக் கண்டது. ஆனால் கழலை குறைந்த கிராமங்களிலும் அந்தக் குறைவு இருந்ததால், அதை ஒரு துணைக்காரணமாக மட்டுமே வைத்தது.

உப்பு வந்த பிறகு

1995இல் இலங்கையில் உணவு உப்பில் அயடீன் கலப்பது சட்டப்படி கட்டாயமானது. தொடக்கத்தில் உற்பத்தியிடத்தில் பத்து இலட்சத்துக்கு 50 பங்கு அயடீன் வைக்கப்பட்டது. 2005இல் அது 15 முதல் 30 பங்காக இறக்கப்பட்டது.

விளைவை அளக்க இரண்டு கருவி. ஒன்று கை. சோதிப்பவர் பிள்ளையை விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தடவுகிறார். தைரொயிட்டின் ஒரு மடல், அந்தப் பிள்ளையின் கட்டைவிரல் நுனிக்கணுவைவிடப் பெரிதாகப் பட்டால் அது கழலை. மற்றது சிறுநீர். உண்ட அயடீனில் பெரும்பங்கு சிறுநீரோடு போவதால், ஒரு கூட்டத்தின் இடைநிலை அளவு லீற்றருக்கு 100 முதல் 199 மைக்ரோகிராம் என்றால் போதுமானது எனக் கொள்ளப்படுகிறது.

மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ரேணுகா ஜயதிஸ்ஸவும் தோழர்களும் 2000–01இல் அளந்தபோது இரு கருவியும் இரு வேறு கதை சொல்லின. சிறுநீர் அயடீன் 145.3, போதிய அளவு. கழலையோ 20.9 வீதம், உப்புக்கு முந்திய கணக்கைவிடவும் சற்றுக் கூட. பருத்த சுரப்பி சுருங்க ஆண்டுகள் பிடிக்கும் என்பது ஒரு விளக்கம். கழலையைத் தரம்பிரிக்கும் முறை இடையில் மாறியதும், தடவும் கைக்குக் கை முடிவு வேறுபடுவதும் இன்னொரு விளக்கம். 2005இல் கழலை 3.8 வீதத்துக்கு இறங்கியது. 2010இல் 4.4. பொதுச் சுகாதாரச் சிக்கலுக்கான எல்லைக்கோடு 5 வீதம். திட்டம் வென்றது என்று சொல்ல இது போதும்.

ஆனால் இடையில் வேறொரு செய்தி கிளம்பியது. பிரேமவர்தன, லசாரஸ் முதலானோர் 11 முதல் 16 வயதுப் பள்ளி மாணவிகளின் இரத்தத்தில் தைரொகுளோபியூலினுக்கு எதிரான பிறபொருளெதிரிகளைத் தேடினார்கள். 2000இல் வெளியான கணக்கின்படி அவை 11 வயதில் 14.3 வீதத்தினரிடமும் 16 வயதில் 69.7 வீதத்தினரிடமும் இருந்தன. அயடீன் அதிகமாக ஏறிய தைரொகுளோபியூலினை உடல் அந்நியப் பொருளாகக் காண்கிறதா? தலைப்பிலேயே அவர்கள் அயடீனைக் கேள்விக்குறியோடுதான் நிறுத்தினார்கள்.

அந்தக் கேள்விக்குறி நியாயமானது. அதே குழுவினர் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பிறபொருளெதிரி உள்ளவர்களின் பங்கு குறைந்திருந்தது. எஞ்சியவர்களிடம் அதன் வகை மாறி, வழக்கமான தன்னெதிர்ப்பு நோயின் சாயலைக் காட்டியது. முதல் அலை அடங்கியதாகவும் கொள்ளலாம், ஒரு சிறுபகுதியினரிடம் நிலைத்ததாகவும் கொள்ளலாம். பிறபொருளெதிரி இருப்பது வேறு, சுரப்பி பழுதாவது வேறு. பெரும்பாலான மாணவிகளின் ஓமோன் அளவில் பழுது இல்லை. உப்புக்கு முந்திய தலைமுறையின் இரத்தத்தில் இந்தச் சோதனை இதே அளவில் நடக்கவில்லை என்பதால், உயர்வின் தொடக்கப் புள்ளியும் தெளிவில்லை.

தீர்ந்ததும் தீராததும்

சில முடிவுகள் உறுதியாகிவிட்டன. இலங்கையின் கண்டக்கழலைக்கு அயடீன் பற்றாக்குறை முதன்மைக் காரணம் என்பதை உப்புக்குப் பிந்திய கணக்குகள் நன்றாகவே தாங்குகின்றன. கருவில் உள்ள குழந்தையின் மூளை தாயின் தைரொக்சினை நம்பி வளர்வதால், உப்பில் அயடீன் சேர்ப்பதன் ஆதாயம் அதன் சாத்தியமான கெடுதியைவிடப் பல மடங்கு பெரிது என்பதிலும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தொற்றுக் கொள்கையும் ‘கடலுக்குத் தொலைவு’ விளக்கமும் தனியே நிற்கமாட்டா.

அளவு பற்றிய கேள்வி தீரவில்லை. வளர்ந்தவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் அயடீன் வேண்டும், கருவுற்றவருக்கு 250. பத்து இலட்சத்துக்கு 15 பங்கு அயடீன் உள்ள உப்பை ஒருவர் 10 கிராம் உண்டால் சரியாக 150 கிடைக்கும். உலகச் சுகாதார நிறுவனம் கேட்பதுபோல உப்பை 5 கிராமுக்குள் குறைத்தால் அது 75 ஆகிவிடும். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்பவர்களும், தைரொயிட்டுக்காக உப்பை நம்புபவர்களும் ஒரே கரண்டியைப் பிடித்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், 2016 தேசிய அளவீட்டில் பள்ளிப் பிள்ளைகளின் சிறுநீர் அயடீன் 200ஐத் தாண்டியிருந்தது. தேவைக்கு மேல் என்ற படி அது. பிள்ளைகளுக்குக் கூடுதலாகவும் கருவுற்றவருக்குக் குறைவாகவும் ஆகாத ஒரே அளவு இருக்கிறதா என்பது இனித்தான் தெளிய வேண்டும்.

பழைய வரைபடத்தின் கோடு எதனால் விழுந்தது என்ற முதல் கேள்வி ஒருவேளை முழுமையாகத் தீராமலே போகலாம். பதினெட்டு வளைவுக்கு மேலே உள்ள கடையிலும் கீழே உள்ள கடையிலும் இன்று ஒரே சட்டத்தின்படி அயடீன் கலந்த உப்புப் பொதிதான் தொங்குகிறது. ஈரவலயக் கழுத்தையும் உலர்வலயக் கழுத்தையும் ஒப்பிட்டு மழை, மண், மரவள்ளி ஆகியவற்றின் பங்கைப் பிரித்துக் காட்ட இனி வழி குறைவு. 1980களின் பள்ளிப் பதிவுகளும், உக்கல் படிந்த மண்ணும், அந்த மண்ணில் இன்றும் விளையும் அரிசியும் மட்டுமே சாட்சிகளாக எஞ்சியிருக்கின்றன. அவற்றில் கடைசி இரண்டையும் 15 கிராமங்களுக்கு அப்பால் விரிவாக அளப்பது இப்போதும் செய்யக்கூடிய வேலை.